வெறுங்கால்

காலையில் சாயா குடித்து முடித்ததும் முனியாண்டி இரண்டு காலையும் நீட்டி ராக்கம்மாளின் மடியில் வைத்துவிட வேண்டும். அது அந்த வீட்டுச் சட்டம். அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குதிகால், உள்ளங்கால், விரலிடுக்கு என்று ஓர் இடம் விடாமல் பார்ப்பாள். முள் குத்தியிருந்தாலும் சூடு பட்டிருந்தாலும் அவள் பார்த்துச் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். சர்க்கரை வியாதி அவருடைய பாதங்களில் இருந்த உணர்ச்சியை எடுத்துக்கொண்டு போய் எட்டொன்பது வருஷம் ஆகிவிட்டது. இடது கால் சுண்டுவிரலைப் போன வருஷம் எடுத்தார்கள். இன்னொரு புண் வந்தால் விரலோடு நிற்காது, பாதமே போய்விடும் என்று டாக்டர் சொன்னார். அதை அவர் முனியாண்டியைப் பார்த்துச் சொல்லவில்லை, ராக்கம்மாளைப் பார்த்துத்தான் சொன்னார். வீட்டில் பொறுப்பான ஆள் யார் என்று டாக்டருக்கும் தெரிந்திருந்தது.

அன்றைக்கு அவள் வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் பைக் வந்து நின்றது. ராசப்பனின் மகன் சுஜித். சின்ன வயதில் மட்டாஞ்சேரியில் இவர்கள் வீட்டில் பாதி நாள் சோறு தின்று வளர்ந்தவன். மலையாளி வீட்டுப் பிள்ளை என்றாலும் மாமா, அத்தை என்று தமிழிலேதான் கூப்பிடுவான். இப்போது முப்பது வயதாகிறது, தாடி வைத்திருக்கிறான், இடக்கொச்சி ரேஸ் டிராக்கின் செக்ரட்டரி. அவன் இந்த வாசலை மிதித்துப் பல வருஷம் ஆயிற்று.

ராக்கம்மாள் சட்டென்று புருஷனின் காலைச் சேலைத் தலைப்பால் மூடினாள்.

"அத்தை, மாமாவைக் கூப்பிடத்தான் வந்தேன்," என்றான் சுஜித். "இந்த ஞாயிற்றுக்கிழமை சீசன்ல முதல் ரேஸ். மாமா வரணும். கெட்டு டிராக்கை உண்டாக்கின ஆளு வராம எத்தனை ரேஸ் நடத்துறது? வந்து பழைய மாதிரி ரேஸைத் தொடங்கி வைக்கணும்."

"உங்கப்பன் சொன்னானா?" என்று கேட்டார் முனியாண்டி.

"அப்பன் ஒண்ணும் பறையல. வேண்டாம்னும் பறையல."

முனியாண்டி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய காது மடல் சிவந்துபோனதை ராக்கம்மாள் பார்த்தாள். பெண் பார்க்க வந்த அன்றைக்கும் அந்த மடல் இப்படித்தான் சிவந்தது. மனுஷன் சுஜித்தின் பேச்சில் விழுந்துவிட்டான் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துபோயிற்று.

இடக்கொச்சியில் காயலை ஒட்டி ஒரு காலத்தில் இறால் வளர்த்த கெட்டு, கரை கட்டிய பண்ணைக்குட்டை, ஒன்று இருந்தது. இறால் நோய் வந்து செத்தபின் உடைமைக்காரர் அதைச் சும்மா போட்டுவிட்டார். முனியாண்டி அப்போது வீடு இடிக்கும் கான்ட்ராக்டர் ஒருவரிடம் டிப்பர் ஓட்டிக்கொண்டிருந்தார். மட்டாஞ்சேரியில் இடித்த பழைய கிடங்குகளின் ஓடும் செங்கல்லும் சன்னல் கண்ணாடியுமாக லோடு லோடாக அங்கே கொண்டுபோய்க் கொட்டியவர் அவர். பக்கத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர் ராசப்பன். கொட்டிய மேடு வட்டமாக அமைந்துவிட்டதைப் பார்த்து, "எடா முனியே, இதுல வண்டி ஓட்டினா எப்படி இருக்கும்?" என்று கேட்டது அவர்தான். மேலே செம்மண் அடித்தார்கள். பழைய மாருதிகளை வாங்கி, சீட்டைப் பிடுங்கி, உள்ளே இரும்புக் குழாயை வைத்து ராசப்பன் வெல்டிங் பண்ணினார். முதல் வருஷம் நாலு வண்டி. அப்புறம் ஆலப்புழை, கோட்டயத்தில் இருந்தெல்லாம் பையன்கள் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். பேர் என்னவோ பெரிதாக வைத்தார்கள், ஊரில் எல்லாருக்கும் அது கெட்டுதான்.

அந்த மண்ணுக்கு ஒரு கெட்ட குணம் இருந்தது. அடியில் போட்டதையெல்லாம் மேலே தள்ளும். ஒரு மழை பெய்தால் ஆணி வரும், ஓட்டுத் துண்டு வரும், கண்ணாடிச் சில்லு வரும். புழுதிக்குள் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. வேகமாக வரும் வண்டியின் டயர் அதில் ஏறினால் வண்டி வேலியைத் தாண்டிக் கூட்டத்துக்குள் போய்விடும். அதனால் முனியாண்டி ஒவ்வொரு ரேஸுக்கும் முன்னால் வெறுங்காலோடு டிராக்கைச் சுற்றி வருவார். பாதத்தைத் தூக்கி வைக்காமல் மண்ணோடு தேய்த்துத் தேய்த்து நடப்பார். உள்ளங்காலில் எது தட்டினாலும் குனிந்து எடுத்து மடியில் போட்டுக்கொள்வார். "நான் கொட்டினது, நான்தான் பொறுக்கணும்," என்பார். சுற்றி முடித்துச் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி நின்று, வலது கையைத் தூக்கி "ஓடட்டும்" என்று சொன்னபிறகுதான் ஒருவன் சாவியைத் திருகுவான். போலீஸ்காரர் வந்து சொன்னாலும் அதற்கு முன்னால் எந்த வண்டியும் உறுமாது.

அப்படி ஓடட்டும் என்று சொல்லிவிட்டு வந்த ஒரு சாயங்காலம், ராக்கம்மாள் அவர் காலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். உள்ளங்காலில் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. இழுத்தாள். கட்டைவிரல் நீளத்துக்கு ஓட்டுத் துண்டு வந்தது.

"இதை எப்பய்யா மிதிச்ச?"

அவர் அந்தத் துண்டை வாங்கிப் பார்த்தார். வலித்ததா என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. அந்த ஓட்டுத் துண்டோடு சேர்ந்து எத்தனை துண்டு காலுக்குத் தட்டுப்படாமல் டிராக்கில் கிடந்திருக்கும், அதன்மேல் எத்தனை வண்டி ஓடியிருக்கும் என்று அவர் யோசிப்பது அவளுக்கே கேட்டது. அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அது அந்த மாரியம்மன் புண்ணியம்.

"ராசப்பண்ணன்கிட்ட சொல்லிருய்யா," என்றாள் அவள்.

"சொன்னா விடமாட்டான்டி. செருப்பைப் போட்டுக்கிட்டு சும்மா நட, சும்மா கையைத் தூக்குன்னுவான். சும்மா தூக்குற கைக்கு வண்டி ஓடக்கூடாது. சண்டை போட்டாத்தான் அவன் என்னை விடுவான்."

சண்டை போட்டார். போட்டதுதான் போட்டார், உலகத்தில் வேறு காரணமே கிடைக்காத மாதிரி ஒரு காரணத்தைப் பிடித்தார். அந்த வாரம் டிராக் வாசலில் புதிதாக போர்டு வைத்திருந்தார்கள். தொடங்கியவர்கள் என்று எழுதி, மேலே ராசப்பன் பேரையும் கீழே முனியாண்டி பேரையும் பெயின்டர் எழுதியிருந்தான். முனியாண்டி சாயாக்கடையில் பத்துப் பேர் நடுவில் நின்றுகொண்டு, "பாண்டின்னுதானேடா என் பேரைக் கீழ போட்ட?" என்று ராசப்பனைப் பார்த்துக் கேட்டார்.

பாண்டி என்பது தமிழர்களை அங்கே இளக்காரமாகச் சொல்லும் வார்த்தை. அந்த வார்த்தையை முனியாண்டியைப் பார்த்துச் சொன்னதற்காக முன்னொரு நாள் ராசப்பன் ஒருத்தனை அடித்து, திருப்பி அடி வாங்கி, முன்பல் ஒன்றை இழந்தவர். அந்த ஓட்டைப் பல்லோடு அவர் அங்கே உட்கார்ந்திருந்தார். குடித்துக்கொண்டிருந்த சாயா கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். வீட்டுக்கு வந்து முனியாண்டி இதைச் சொல்லிவிட்டு அழுதார். "அதைத் தவிர வேற எதைச் சொல்லியிருந்தாலும் அவன் சிரிச்சிருப்பான்டி," என்றார். ராக்கம்மாளுக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கு அவர் காலை அவளே உடைத்திருப்பாள். ஆனாலும் வெளியே யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு ராசப்பன் ஒரு ஜீப்புக்குப் பின்னால் பெரிய காந்தத்தைக் கட்டி டிராக்கைச் சுற்றி இழுக்க ஏற்பாடு பண்ணினார். ஆணியெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ரேஸ் நடந்தது. இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

சுஜித் போன பிறகு ராக்கம்மாள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"போய்ட்டு வா. மாலை போட்டா வாங்கிக்கோ, பொன்னாடை போத்துனா போத்திக்கோ. செருப்பைக் கழட்டக் கூடாது."

"கழட்டலடி."

"என் தலைமேல அடிச்சுச் சொல்லு."

"உன் தலை ஏற்கெனவே வெந்து கிடக்கு, அதுல வேற எதுக்கு அடிக்கணும்?" என்று சிரித்தார். அடித்துச் சொல்லவில்லை என்பதை அவள் அப்புறம்தான் நினைத்துப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முனியாண்டி வெள்ளை வேட்டி கட்டி, மீசைக்குச் சாயம் அடித்துக்கொண்டு தயாரானார். காலில் மட்டும் ஆஸ்பத்திரியில் கொடுத்த மெத்தைச் செருப்பு. சர்க்கரைக்காரர்களுக்கென்று கறுப்பாக, பட்டையாக ஒன்று கொடுப்பார்களே, அது. ஆட்டோவில் தோப்பும்படி தாண்டியதிலிருந்து அவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே வந்தார். ராக்கம்மாள் வழி முழுக்க அவருடைய காலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

டிராக் வாசலில் ஆட்டோ நின்றது. முனியாண்டி இறங்கி, போர்டைப் பார்த்து, அங்கேயே நின்றுவிட்டார்.

போர்டு அதேதான். மேலே ராசப்பன் பேர் இருந்த இடத்தில் வெள்ளை பெயின்ட் அடித்திருந்தது. கீழே முனியாண்டி என்ற பேர் மட்டும் மலையாளத்திலும் தமிழிலும் இருந்தது. அந்த வெள்ளைப் பெயின்டும் புதியதில்லை. வெயிலில் காய்ந்து, பாசி படிந்து, பொருக்கு விட்டிருந்தது.

"இது எப்ப அடிச்சது?" என்று முனியாண்டி கேட்டார்.

"அன்னைக்கேதான் மாமா," என்றான் சுஜித். "சாயாக்கடையில இருந்து வந்து அப்பன் கையாலே அடிச்சார். திரும்ப எழுதலாம்னு நான் எத்தனை தடவை பறைஞ்சேன். அவன் பேரு தனியா இருக்கட்டும், மேல ஒண்ணும் வேண்டாம்னு பறைஞ்சுட்டார்."

முனியாண்டி கிட்டே போய் அந்தப் பொருக்கை விரலால் தடவினார். ராக்கம்மாள் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குத் திரும்பிப் போய்விடலாம் என்று அந்த நிமிஷமே அவளுக்குத் தோன்றியது. அந்த நிமிஷமே போயிருக்க வேண்டும்.

உள்ளே நல்ல கூட்டம். முந்தி வண்டி ஓட்டிய பையன்களெல்லாம் தொப்பையும் நரையுமாக வந்திருந்தார்கள். முனியேட்டா, முனியேட்டா என்று சுற்றிக்கொண்டார்கள். செண்டை அடித்தார்கள். ஒருத்தன் பொன்னாடை போர்த்தினான், ஒருத்தன் காலைத் தொட்டுக் கும்பிட்டான். கும்பிட்டவன் கை பாதத்தில் பட்டது முனியாண்டிக்குத் தெரியாது. அவன் குனிந்ததைப் பார்த்துத்தான் தலையைத் தொட்டு ஆசீர்வாதம் பண்ணினார். இதெல்லாம் ராக்கம்மாளின் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்.

ராசப்பன் தூரத்தில் ஒரு வண்டியின் போனட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, இங்கே நடப்பதற்கும் தனக்கும் சம்பந்தம் இல்லாத மாதிரி ஸ்பேனரைத் திருகிக்கொண்டிருந்தார். அந்த வண்டிக்கு ஒரு கோளாறும் இருந்திருக்காது. ஆள் இளைத்துப் போயிருந்தார், முடி முழுக்க வெள்ளை.

மேடையில் பேசினவர்கள் எல்லாரும் பேசி முடித்தார்கள். ரிப்பன் வெட்டியாயிற்று. செருப்பைக் கழட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ராக்கம்மாளுக்கு மூச்சு கொஞ்சம் சீராக வந்தது. சுஜித் மைக்கை வாங்கி, "இனி மாமா இங்க இருந்தே கையைக் காட்டினா போதும்," என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது ராசப்பன் கையைத் துடைத்துக்கொண்டு மேடை ஏறினார். மகன் கையில் இருந்த மைக்கை வாங்கினார். முனியாண்டியைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்துப் பேசினார்.

"இந்த எட்டொன்பது கொல்லமும் இங்க காந்தம் பறைஞ்ச வாக்குலதான் வண்டி ஓடினது. ஒரு மனுஷன் பறைஞ்சு ஓடல. எனக்கு அது போதல." கொஞ்சம் நிறுத்தினார். ஓட்டைப் பல் வழியாகக் காற்று மைக்கில் கேட்டது. "இன்னைக்கு முனி நடக்கும். முனி பறைஞ்சா ஓடும். முனி பறையலேன்னா ஓடண்டா. எல்லாரும் வண்டியைக் கட்டி இழுத்துட்டு வீட்டுக்குப் போகலாம்."

அப்புறம்தான் திரும்பி முனியாண்டியைப் பார்த்தார். "நடக்கியோடா?"

எட்டொன்பது வருஷத்தில் அவர் முனியாண்டியிடம் பேசிய முதல் வார்த்தை அது.

முனியாண்டி திரும்பி ராக்கம்மாளைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. அவர் அவள் பக்கம் குனிந்து காதோடு சொன்னார்.

"இன்னொரு தடவை அவன்கிட்ட மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரலடி."

"கால் போயிரும்யா."

"காந்தம் இழுத்திருக்காங்க. ஒண்ணும் இருக்காது."

காந்தத்தில் கண்ணாடி ஒட்டாது என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவர் செருப்பைக் கழற்றி அவள் பக்கத்தில் ஜோடியாக வைத்தார். அந்த நேரம் ஒரே ஒரு வார்த்தை அவள் தொண்டையில் இருந்தது. இவருக்குக் காலில் உணர்ச்சி இல்லை என்று சத்தமாக ஒரு தடவை சொன்னால் போதும், எல்லாம் நின்றிருக்கும். சொன்னால் அத்தனை பேர் முன்னால், கட்டின பெண்டாட்டியே அவரை ஒன்றுமில்லாமல் ஆக்கியதாக ஆகும். பண்ணிக் கொடுத்த சத்தியமும் போகும். கண்ணில் அத்தனை வெளிச்சத்தோடு அவர் நிற்கிறார். அவள் அந்த வார்த்தையை முழுங்கினாள். அதை நினைத்து நினைத்து அவள் இன்றைக்கும் தன்னைத்தானே திட்டிக்கொள்கிறாள்.

முனியாண்டி டிராக்கில் இறங்கினார். பழையபடி பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். பார்ப்பவர்களுக்குப் பழைய முனியாண்டிதான். ஆனால் முன்பெல்லாம் அவர் எதிரே தூரமாகப் பார்த்துக்கொண்டு நடப்பார், பார்க்கிற வேலையைக் கால் பார்த்துக்கொள்ளும். இன்றைக்கு அவர் தலை குனிந்து, கண்ணால் மண்ணைத் துழாவிக்கொண்டே போனார். வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற ராசப்பனின் புருவம் சுருங்குவதை ராக்கம்மாள் பார்த்தாள்.

அவள் வேலியோரமாக அவருக்கு ஈடாக நடந்தாள். முப்பது வருஷம் மட்டாஞ்சேரி ஜூ டவுன் தெருவைக் கூட்டிய கார்ப்பரேஷன் வேலைக்காரி அவள். தரையில் எது மினுங்கினாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அவர் ஒரு ஓட்டுத் துண்டைக் கண்ணால் பார்த்துக் குனிந்து எடுத்தார், கூட்டம் கை தட்டியது. இரண்டாவது வளைவில், அவருக்கு முன்னால் நாலு எட்டு தூரத்தில், மண்ணுக்குள் ஒன்று பளிச்சென்று மின்னி மறைந்தது. வெயில் அவர் முகத்துக்கு நேராக அடித்தது, அவர் கண்ணைச் சுருக்கினார். விலகிப் போய்விடுவார், காலை ஒரு சாண் தள்ளி வைத்துவிடுவார் என்று அவள் வேண்டிக்கொண்டாள். அவருடைய வலது கால் அதன்மேல் போய் அழுத்தித் தேய்ந்து, தாண்டியது. முகத்தில் ஒரு சுருக்கம் கூட இல்லை. கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்.

அவள் அங்கேயே நின்றுவிட்டாள். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஒருவேளை மேலோட்டமாக உரசியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். செம்மண்ணில் ரத்தம் தெரியாது. மிச்சத் தூரம் முழுக்க அவர் அந்தக் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார்.

சுற்றி வந்துவிட்டார். தொடங்குகிற இடத்தில் டிராக்கின் குறுக்கே சுண்ணாம்புத் தூளை அகலமாகக் கோடு போட்டிருந்தார்கள். பின்னால் வண்டிகள் வரிசையில் நின்றன, ஓட்டுகிறவர்கள் சாவியில் கை வைத்திருந்தார்கள். முனியாண்டி கோட்டை மிதித்துத் தாண்டித் திரும்பி நின்றார். மடியில் இருந்த ஓட்டுத் துண்டுகளை எடுத்து ராசப்பன் கையில் கொடுத்தார். வலது கையைத் தூக்கினார்.

தூக்கிய கை பாதியில் நின்றது. வெள்ளைச் சுண்ணாம்பின் மேல் ஒரு பாதம் முழுசாக, சிவப்பாகப் பதிந்திருந்தது.

"ஐயோ, யாருக்கோ கால்ல பட்டிருக்கு," என்றார் முனியாண்டி. "ரத்தம் பாரு. யாருடா அது, வெறுங்காலோட டிராக்குல இறங்கினது?" பதறிப்போய்க் குனிந்து ராசப்பன் காலைப் பார்த்தார். ஷூ போட்டிருந்தது. சுஜித் காலைப் பார்த்தார். பக்கத்தில் நின்றவர்கள் காலையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "சொல்லுங்கப்பா. மருந்து போடணும்ல. ஆழமா இருக்கும் போலிருக்கே."

அங்கே வெறுங்காலோடு நின்றது ஒரே ஒரு ஆள். எல்லாருடைய கண்ணும் தன் காலில் இருக்கிறது என்பது அவருக்கு மெல்லத்தான் உறைத்தது. அப்போதும் அவர் குனிந்து பார்க்கவில்லை. தலையைத் தூக்கிக் கூட்டத்துக்குள் ராக்கம்மாளைத் தேடினார். கண்டுபிடித்தார். அவள் மெல்லத் தலையை அசைத்தாள்.

முனியாண்டி தூக்கியிருந்த கையைக் கீழே இறக்கினார்.

"ஓட வேண்டாம்," என்றார். "இரண்டாவது வளைவோ மூணாவதோ, எங்கேயோ கண்ணாடி கிடக்கு. எங்கேன்னு எனக்குத் தெரியல. வண்டி ஓட வேண்டாம்."

சாவியில் இருந்த கைகளெல்லாம் விலகின. ராசப்பன் அந்த மண்ணிலேயே உட்கார்ந்து, முனியாண்டியையும் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தார். உள்ளங்காலின் நடுவில் பச்சைக் கண்ணாடிச் சில்லு ஒன்று ஏறி நின்றது. பழைய கிடங்குச் சன்னல்களில் இருக்குமே, அந்தக் கனமான பச்சைக் கண்ணாடி. நடந்த நடையில் அது உள்ளே உள்ளே போயிருந்தது. ராசப்பன் அதைப் பிடித்து இழுத்தார். இழுக்கும்போது கூட்டத்தில் இருந்த ஒரு பெண் முகத்தை மூடிக்கொண்டாள். முனியாண்டி சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

ராசப்பன் கையில் ரத்தத்தோடு நிமிர்ந்தார். "வலிக்கலையோ?"

"இல்லடா."

"இத்தனை ஆழம் போயிருக்கு. ஒண்ணும் அறியலையோ?"

"இல்ல."

ராசப்பன் அவர் முகத்தையே பார்த்தார். "எப்ப முதல்?"

முனியாண்டி ராக்கம்மாளைப் பார்த்தார். ராக்கம்மாள் அவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள். இதற்கு மேலும் அந்தச் சத்தியத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்யப் போகிறாள்?

"அந்த போர்டு வச்ச வாரத்துல இருந்துண்ணே," என்றாள். "ஓடு குத்துனது தெரியாம ஓடட்டும்னு சொல்லிட்டாரு. சொன்னா நீங்க விடமாட்டீங்கன்னு சண்டையை இழுத்தாரு."

ராசப்பனின் தோள் குலுங்கத் தொடங்கியது. "எடா துரோகி," என்றார். அதற்கு மேல் வரவில்லை. மறுபடியும், "அதுக்காடா அந்த வார்த்தையைச் சொன்ன? நான் அப்படி ஒரு ஆளுன்னு நீ நினைச்சுட்டேன்னு, நான் இத்தனை கொல்லமும்..." என்று தொடங்கி, முடிக்காமல் முனியாண்டியின் காலைக் கட்டிக்கொண்டு அழுதார். சின்னப் பிள்ளைகள் அழுகிற அழுகை. எழுபதை நெருங்கின மனுஷன் அத்தனை பேர் நடுவில் அப்படி அழுததை இடக்கொச்சியில் அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை.

"நடன்னு நானல்லவா சொன்னேன்," என்று ராக்கம்மாளிடம் சொன்னார். "நானல்லவா மைக்கைப் பிடிச்சுச் சொன்னேன்." சொல்லியிருக்க வேண்டியவள் அவள்.

அந்தக் காலை அந்த மாதமே எடுத்துவிட்டார்கள். டாக்டர் ராக்கம்மாளைப் பார்த்துத்தான் அதையும் சொன்னார். காலையில் சாயா குடித்ததும் இப்போதும் முனியாண்டி ஒரு காலை நீட்டுகிறார், அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்க்கிறாள். ராசப்பன் தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். டிராக்கில் காந்தமும் நின்றுபோயிற்று. பையன்கள் எத்தனை கேட்டும் ராசப்பன் அதற்கப்புறம் வாசல் கேட்டைத் திறந்துவிடவில்லை. ஆனால் இதெல்லாம் அப்புறம் நடந்தது.

அன்றைக்கு சுஜித் வேனை எடுத்துக்கொண்டு வந்தான். பின்சீட்டில் முனியாண்டியைப் படுக்க வைத்தார்கள். தலை ராக்கம்மாளின் மடியில், கால் ராசப்பனின் மடியில். ராசப்பன் தன் தோர்த்துத் துண்டைச் சுற்றிக் கட்டி, அதன்மேல் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருந்தார். துண்டு நனைந்து, அவருடைய வேட்டியும் நனைந்துகொண்டிருந்தது. பாலம் ஏறும்போது வேன் குலுங்கியது.

"ராக்கு," என்றார் முனியாண்டி. படுத்திருந்தவருக்கு வேனின் கூரை மட்டும்தான் தெரிந்தது.

"என்னய்யா?"

அவர் ராசப்பனுக்குக் கேட்காத மாதிரி குரலைத் தாழ்த்தினார். "என் காலு அவன் மடியிலயா இருக்கு?"

"ஆமா."

"பிடிச்சிருக்கானா, விட்டுட்டானா?"

அவள் எட்டிப் பார்த்தாள். ராசப்பனின் விரல் நகமெல்லாம் வெளுத்துப் போகும் அளவுக்குப் பிடித்திருந்தார்.

"பிடிச்சிருக்காரு."

"கெட்டியாவா?"

"கெட்டியாத்தான்."

முனியாண்டி கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த சிக்னல் வருகிற வரைக்கும் அப்படியே படுத்து, உணர்ச்சி வரும் வரும் என்று காத்துப் பார்த்தார். அப்புறம் கண்ணைத் திறந்து, "தெரியலடி," என்றார்.